இலங்கைப் பயணம்: குரூப் டூரா, தனி வண்டியா, ரயிலும் பஸ்ஸுமா?

திருநெல்வேலிப் பக்கம் இருந்து இலங்கை பார்க்கக் கிளம்புகிறவர்கள் டிராவல்ஸ் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "ஆளுக்கு எவ்வளவு?" அடுத்தது, "சாப்பாடு நம்ம சாப்பாடா?" இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் அட்வான்ஸ் கைமாறிவிடும். அங்கே போனபின் இடத்தை விளக்கப்போவது யார், எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்வது யார் என்று கேட்பவர்கள் குறைவு. ஊருக்குத் திரும்பியபின் வரும் முணுமுணுப்பில் பாதி இந்தக் கேட்காத கேள்விகளால் வருவது.

போவதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏற்றி, அங்கே பெரிய பஸ்ஸில் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடும் குரூப் டூர். இரண்டு, விமான டிக்கெட்டை நாமே எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு காரையோ வேனையோ சாரதியோடு பேசிக்கொள்வது. (டிரைவருக்கு அங்கே புழங்கும் சொல் சாரதி. இங்கிருந்தே பழகிக்கொள்ளலாம்.) மூன்று, ரயிலிலும் பஸ்ஸிலும் நாமே சுற்றி, அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற பழைய தலைநகரங்களில் மட்டும் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடிந்த தலைநகரங்களுக்கு வழிகாட்டி கட்டாயம் வேண்டும். கண்டி, நுவரெலியா இருக்கும் மலைநாட்டுக்கு வழிகாட்டி வேண்டாம், நேரம்தான் வேண்டும். இந்த இரண்டையும் தருகிற ஏற்பாடு எதுவோ அதை எடுங்கள். நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது பெரும்பாலும் இரண்டாவது வழியாக அமையும். எல்லோருக்கும் அதுவேதான் என்று சொல்ல மாட்டேன்.

எப்போது, எந்த வழியாக

மூன்றில் எதை எடுத்தாலும் மாதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். நமக்குக் குற்றாலத்தில் சீசன் கொண்டுவருகிற அதே தென்மேற்குப் பருவமழைதான் இலங்கையின் மேற்கு மலைச்சரிவிலும் கொட்டுகிறது. ஜூன், ஜூலையில் ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தால் நுவரெலியாப் பக்கமும் மழையும் மூட்டமும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அதே மாதங்களில் அனுராதபுரமும் பொலன்னறுவையும் காய்ந்து கிடக்கும். மலையின் மறைவில் இருக்கும் நம் வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து நிலைமைதான் அங்கும். மலைநாடு தெளிவாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. நம் பிள்ளைகளுக்கு லீவு விடுவதோ ஏப்ரல் கடைசியில்.

ஏப்ரலில் இன்னொரு சங்கடம். நம் சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டித்தான் அங்கே சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. கொழும்பே கிளம்பி நுவரெலியாவுக்கு வந்துவிடும். அறை வாடகை ஏறிக்கிடக்கும், சாலை நிறைய வண்டி, புத்தாண்டு நாட்களில் சின்ன ஊர்களில் கடை திறந்திருக்காது. அதனால் ஏப்ரலில் போவதென்றால் மாதக் கடைசியில் போங்கள். பௌர்ணமியையும் காலண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை. மே மாத வெசாக், ஜூன் மாதப் பொசொன் என்றால் அனுராதபுரத்தில் கூட்டம் நெரியும். கூட்டத்தையே பார்க்கப் போகிறவருக்கு அது நல்ல நாள். செங்கல் மேட்டையும் கல்வெட்டையும் நின்று பார்க்க விரும்புகிறவருக்கு இல்லை.

போகிற வழியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மதுரை, திருவனந்தபுரம் இரண்டில் இருந்தும் கொழும்புக்கு நேர் விமானம் உண்டு. ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க வந்துவிடும். நெல்லையில் இருந்து இரண்டு நிலையமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். எதில் டிக்கெட் குறைவோ அதில் போகலாம். நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் பலருக்கு ஆசையைக் கிளப்புகிறது. ஆனால் அது இறக்கிவிடுவது யாழ்ப்பாணத்துக்கு வடக்கே. யாழ்ப்பாணத்தையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் சரி. கண்டி, நுவரெலியா மட்டும் என்றால் நாகப்பட்டினம் வரை போவதிலேயே ஒரு நாள் போய்விடும்.

தூத்துக்குடிக்காரர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் வந்து இறங்கிக் கப்பல் ஏறியது தூத்துக்குடியில்தான். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதத்தான். 2011-இல் மறுபடி ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதங்களிலேயே நின்றுபோனது. இப்போதைக்கு விமானத்தைத்தான் நம்ப வேண்டும்.

குரூப் டூர்: எது கிடைக்கும், எது கிடைக்காது

குரூப் டூரை இளக்காரமாகப் பேசுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல்முறை விமானம் ஏறுகிற ஆச்சிக்கு ஈ.டி.ஏ. என்ற நுழைவு அனுமதி வாங்கிக் கொடுத்து, இமிக்ரேஷன் வரிசையில் கூடவே நின்று, ராத்திரி இட்லியோ தோசையோ கிடைக்கும்படி செய்து, கால் வலித்தால் பஸ்ஸில் உட்கார வைத்துக்கொண்டு சுற்றிவர ஓர் ஆள் வேண்டும். சில குழுக்கள் சமையல்காரரையே கூட்டிப் போகின்றன. தனியாகப் போகும் வயதான பெண்களுக்கும், துணைக்குப் பிள்ளைகள் வர முடியாத பெரியவர்களுக்கும் இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது.

குறை நேரத்தில் இருக்கிறது. நோட்டீசில் "5 பகல், 4 இரவு" என்று இருக்கும். முதல் பகலில் பாதி மதுரையில் போய்விடும், கடைசிப் பகலில் பாதி கட்டுநாயக்கவில் போய்விடும். மிச்சமுள்ள நாட்களில் சிகிரியா, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, கொழும்பு எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும். அதோடு மாத்தளைப் பக்கம் ஒரு மசாலாத் தோட்டம், கண்டியில் ஒரு ரத்தினக் கடை, ஒரு பத்திக் துணிக்கடை. இந்தக் கடைகளில் கழியும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பொலன்னறுவையே பார்த்திருக்கலாம். பெரும்பாலான குறுகிய டூர்களில் விடுபடுவதும் பொலன்னறுவையும் அனுராதபுரமும்தான்.

எனவே பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் சேர்த்துத்தான் அண்ணாச்சி" என்ற பதிலோடு எழுந்துவரக் கூடாது. நுழைவுக் கட்டணம் எந்தெந்த இடத்துக்குச் சேர்த்தி? சிகிரியாவுக்கு மட்டும் வெளிநாட்டவருக்கு 30 டாலருக்கு மேல் ஆகிறது. நம்மைப் போன்ற சார்க் நாட்டவருக்கு அது குறையும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அப்புறம், சிகிரியாவில் மேலே ஏறுவார்களா, கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவதா? "சிகிரியா பார்வை" என்று போட்டிருந்தால் இரண்டாவது என்று அர்த்தம். எந்த ராத்திரி எந்த ஊரில் தங்கல்? கூட வருகிறவர் டூர் மேனேஜரா, வழிகாட்டியா? இது எல்லாவற்றிலும் முக்கியம். டூர் மேனேஜர் ஆளை எண்ணுவார், அறைச் சாவி வாங்கித் தருவார். சிகிரியாவில் அரண்மனை கட்டிய காசியப்பன் கதையை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அடையாள அட்டையோடு இருப்பார்கள். அவர்களில் தமிழில் விளக்குகிறவர் குறைவு. குழுவுக்கு அப்படி ஒருவரைப் போட்டிருக்கிறார்களா என்று பெயரோடு கேட்கலாம்.

வழிகாட்டி ஏன் வேண்டும்

நெல்லையப்பர் கோயில் இசைத்தூணையோ கிருஷ்ணாபுரத்துச் சிற்பத்தையோ வெளியூர்க்காரர் சும்மா பார்த்தாலே வாயைப் பிளப்பார். வேலை கண்ணுக்கு நேரே தெரிகிறது. அனுராதபுரத்தில் அப்படி இல்லை. அது ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகரமாக இருந்துவிட்டுக் காடு மூடிப்போன ஊர். அடித்தளமும் தூண் வரிசையும் மேடுகளும் மைல்கணக்கில் பரந்து கிடக்கின்றன. சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்கத் தொடங்குவார்கள்.

ஆள் இருந்தால் கதை வேறு. அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த போதிமரக் கிளை கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இருந்து அங்கே வளர்கிறது. ஜேதவனாராமயத் தூபி கட்டிய காலத்தில் 120 மீட்டருக்கு மேல் உயரம், உலகத்தின் மிக உயர்ந்த கட்டடங்களில் ஒன்று, முழுக்கச் செங்கல். அதைவிட நமக்கு நெருக்கமானது எல்லாளன் விஷயம். சோழநாட்டில் இருந்து போய் அனுராதபுரத்தை 44 ஆண்டு ஆண்டவன் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. அவனைப் போரில் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவைக் காவிய நாயகனாக வைக்கும் அதே நூல், எல்லாளன் நீதி தவறாதவன் என்றும் எழுதி வைத்திருக்கிறது. பசு மணியடித்ததும் கன்றைக் கொன்ற மகனுக்கு அவன் தண்டனை கொடுத்ததும், நாம் மனுநீதிச் சோழன் மேல் ஏற்றிச் சொல்கிற கதைதான். எல்லாளன் சமாதிக்கு எல்லோரும் மரியாதை செய்ய வேண்டும் என்று துட்டகைமுனு ஆணையிட்டதையும் அந்த நூலே சொல்கிறது. இதை ஒரு சிங்கள வழிகாட்டி வாயால் அங்கேயே நின்று கேட்பது தனி அனுபவம். சில வழிகாட்டிகள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நாம் எல்லாளன் பெயரை எடுத்துக் கேட்டால் பெரும்பாலும் நின்று பேசுவார்கள்.

பொலன்னறுவைக்கு நான் இன்னும் ஒரு படி மேலே ஓட்டுப் போடுவேன். ராஜராஜன் படை 993-இல் அனுராதபுரத்தை வீழ்த்தியபின் சோழர்கள் தலைநகரை இங்கே மாற்றி, ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070-இல் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டும்வரை இங்கிருந்துதான் ஆட்சி. இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை போட்டிருக்கும் சின்னக் கற்கோயில் அந்தக் காலத்தது. சோழ அரசி ஒருவர் பெயரால் வானவன் மாதேவி ஈஸ்வரம். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, எழுத்துக் கூட்டிப் பார்க்கலாம். அப்படியே தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு கோயிலைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். முதலாம் சிவ தேவாலயம் பிந்தியது, பாண்டியர் பாணி என்பார்கள். பாண்டிநாட்டுக்காரர்கள் அங்கேயும் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

இதே ஊரில்தான் பராக்கிரமபாகு (1153–1186) கடல்போலக் குளம் வெட்டினார். மழைநீர் ஒரு துளிகூட மனிதனுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்றவர் அவர். மதுரை அரியணைக்குப் பாண்டியர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டபோது நம் பக்கத்துக்குப் படை அனுப்பியவரும் அவர்தான். கல் விகாரையில் ஒரே பாறையில் குடைந்த நான்கு புத்தர்கள். படுத்திருக்கும் புத்தர் 14 மீட்டர் நீளம், தலையணை அமுங்கியிருப்பதுகூடக் கல்லில் தெரியும். கழுகுமலையைப் பார்த்த கண்ணுக்கு இந்த உளி வேலையின் அருமை உடனே பிடிபடும். பொலன்னறுவைக்கு இன்னொரு சௌகரியம், நிலம் சமதளம். வண்டி கிட்டேயே போகும். மூட்டுவலிக்காரர்களை அழைத்துப் போகலாம்.

சிகிரியாவில் வழிகாட்டி இல்லாமலும் சமாளிக்கலாம். தகப்பன் தாதுசேனனைக் கொன்று அரசேறிய காசியப்பன், இந்தியாவுக்கு ஓடிப்போன தம்பி முகலன் படையோடு திரும்புவான் என்று பயந்து பாறை உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டான். பதினெட்டு ஆண்டுக்குப் பின் தம்பி திரும்பியே வந்தான். கதை இவ்வளவுதான். சுமார் 1200 படி. பாதி வழியில் சுவரோவியப் பெண்கள் (போட்டோ எடுக்கக் கூடாது), அதன் கீழே கண்ணாடிச் சுவர். ஆயிரம் ஆண்டுக்கு முன் வந்துபோனவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு அதில் கவிதை கிறுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாத் தலத்துச் சுவரில் எழுதும் வியாதி அன்றைக்கே இருந்திருக்கிறது! காலையில் கதவு திறந்ததும் ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், வரிசையும் நகராது. குளவிக்கூடு இருக்கும் பாறை. சத்தம் போடாமல் ஏறச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள், அதை மதியுங்கள்.

மலைநாட்டில்

கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் அரசவை மண்டபத்தைப் பாதிப்பேர் எட்டிப் பார்ப்பதில்லை. 1815-இல் கண்டி ராச்சியத்தை வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்த உடன்படிக்கை வாசிக்கப்பட்டது அங்கேதான். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழி வந்தவர். வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தார். கண்டிக்கு அரை நாள் ஒரு வழிகாட்டி போதும், இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

கண்டியைத் தாண்டி மேலே ஏறினால் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறினாலும் டீக்கடையில் நின்றாலும் காதில் விழுவது தமிழ். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டார். அதற்கு முன் காப்பி இருந்தது, இலைநோய் வந்து அழிந்தது. இரண்டுக்கும் வேலைக்குப் போனவர்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்துச் சனங்கள். கங்காணி பின்னால் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1948-இல் அவர்களின் குடியுரிமை பறிபோனது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். "கண்டிச் சீமைக்குப் போனவர்" என்று ஒரு பெரிய தாத்தாவைப் பற்றி நம் ஊரில் எத்தனையோ வீட்டில் பேச்சு உண்டு. அந்த வீடுகளில் இருந்து போகிறவர்கள் தேயிலை ஃபாக்டரியில் இருபது நிமிடம் நின்று டீத்தூள் வாங்கிக்கொண்டு கிளம்பினால் என்ன மிச்சம்?

குரூப் பஸ் அப்படித்தான் செய்யும், அதற்கு வேறு வழியும் இல்லை. தனி வண்டி என்றால் சாலையோரக் கோயிலில் நிறுத்தலாம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துப் பக்கம் தெரிந்தவர் மூலம் போய்ப் பேசலாம். மலையகத் தமிழ்ச் சாரதி கிடைத்தால் பாதிக் கதையை வண்டியிலேயே சொல்லிவிடுவார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிற பெண்களை நிறுத்தி வைத்துப் படம் எடுத்துப் பத்து ரூபாயை நீட்டுவது அசிங்கம். அவர்களுக்கு நாள் கணக்கும் கிலோக் கணக்கும் இருக்கிறது.

"நமக்கு மாஞ்சோலை இருக்கே, எதுக்கு அங்க போய் டீத்தோட்டம் பாக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. மாஞ்சோலையில் சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் எடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே 2024-இல் கம்பெனி தொழிலாளர்களைக் கணக்கு முடித்து இறக்கத் தொடங்கியது நமக்குத் தெரியும். பல தலைமுறையாக மலையில் இருந்தவர்களுக்குக் கீழே சொந்தமாக ஒரு வீடு இல்லை. அதைப் பார்த்தவர்களுக்கு நுவரெலியாவின் லயங்கள் வெறும் காட்சியாகத் தெரியாது. அதனால்தான் மலைக்குக் குறைந்தது இரண்டு ராத்திரி வேண்டும் என்கிறேன்.

இரண்டு ராத்திரி இருந்தால் ஹோர்ட்டன் சமவெளிக்கும் போகலாம். நுவரெலியாவில் விடியுமுன் கிளம்ப வேண்டும். ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே நடை, 2,100 மீட்டர் உயரத்தில். உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தை ஒன்பது, பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டும், அப்புறம் மூட்டம் ஏறிவிடும். பிளாஸ்டிக் கவரை வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். குரூப் டூரில் நாற்பது பேரை அந்த நேரத்துக்குக் கிளப்ப யாராலும் முடியாது. தனிச் சாரதியிடமும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நெல்லை வெயிலுக்குப் பழகிய உடம்பு என்பதால் ஸ்வெட்டரை மறக்காதீர்கள், நுவரெலியாவின் 1,868 மீட்டரில் ராத்திரி நடுக்கும்.

ராமாயணச் சுற்றுலா என்று தனியாக விற்கிறார்கள். சீதா எலியாவின் சீதையம்மன் கோயிலுக்கு 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. அது நுவரெலியாவில் இருந்து ஹக்கலை போகும் வழியிலேயே இருக்கிறது, எந்த வண்டியும் நிற்கும். அதற்காக இரட்டை விலை கொடுத்துத் தனி டூர் எடுக்க வேண்டியதில்லை. கோயில்தான் முக்கியம் என்கிற சைவக் குடும்பத்துக்கு நான் சொல்வது திருக்கோணேஸ்வரம். சம்பந்தர் பாடிய தலம், போர்ச்சுகீசியர் 1622-இல் இடித்து, பிறகு எழுந்தது. சிகிரியாவில் இருந்து ஒரு ராத்திரி திருகோணமலைக்குப் போய்வரலாம். அதற்காக அனுராதபுரத்தை விடலாம். பொலன்னறுவையை விட வேண்டாம்.

ரயிலும் பஸ்ஸும்

இரண்டு இளைஞர்கள் என்றால் மூன்றாவது வழிதான். பஸ் கட்டணம் மிகக் குறைவு, அடிக்கடி ஓடும், போர்டில் தமிழும் இருக்கும். அனுராதபுரம் வரை ரயில் உண்டு. சிகிரியாவுக்கு ரயில் இல்லை, தம்புள்ளையில் இருந்து பஸ்ஸோ ஆட்டோவோ. பொலன்னறுவையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது வண்டியில் சுற்றுவதைவிட நல்லது. வழிகாட்டியை நுழைவாயிலில் அட்டையைப் பார்த்து, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று பேசி அமர்த்துங்கள்.

குடும்பத்தோடு இதைச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். பெட்டிகளோடு மூன்று முறை பஸ் மாறினால் மூன்றாவது மாற்றத்தில் மதினியும் அண்ணனும் பேசிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ரயிலை விட்டுவிடாதீர்கள். கண்டியில் இருந்து நானுஓயா, எல்ல வழியாகப் பதுளை போகும் பாதை நம் அகலப்பாதை அளவே. அந்த அகலத்திலேயே பட்டிப்பொளையில் 1,890 மீட்டருக்குப் பக்கத்தில் ஏறி இறங்குகிறது. செங்கோட்டை–புனலூர் வழியை ரசிக்கிறவர்களுக்கு இது விருந்து. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் 1921-இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். முன்பதிவு இடம் திறந்ததும் தீர்ந்துவிடும். வாசலில் தொங்கிப் படம் எடுக்கிற பையன்களைக் கண்டிக்க ஆள் இருக்காது, நீங்கள்தான் கண்டிக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலில் மலையகம் கடுமையாக அடிபட்டது, நிலச்சரிவில் ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. எனவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

தனி வண்டிக்காரர்கள் இதை இப்படிச் செய்யலாம்: கண்டியில் குடும்பத்தை ரயிலேற்றிவிட்டு, பெட்டிகளோடு சாரதி சாலை வழியே நானுஓயா வந்து காத்திருப்பார். சாரதிகளுக்கு இது பழக்கமான ஏற்பாடுதான், கேட்டாலே போதும்.

வண்டி பேசும்போது

நாள் வாடகை என்று ஒரு தொகை சொல்வார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை, பெட்ரோல் சேர்த்தியா, சாரதியின் சாப்பாடும் தங்கலும் யார் கணக்கு, டோல், பார்க்கிங் யார் கணக்கு என்று கேட்டு வையுங்கள். பல ஹோட்டல்களில் சாரதிக்கு அறை இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. வண்டி மட்டும் ஓட்டுகிற சாரதிக்கும், உரிமம் பெற்ற சாரதி-வழிகாட்டிக்கும் வாடகை வேறு. என் கணக்கில் சாதாரணச் சாரதி போதும். மிச்சப் பணத்தில் அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் அரை நாள் நல்ல வழிகாட்டி ஒருவரைப் பிடிக்கலாம். "கடைக்கு எங்கேயும் நிறுத்த வேண்டாம், நாங்களே சொல்கிறோம்" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இரண்டு பேருக்குத் தனி வண்டி கனமான செலவு. ஐந்தாறு பேர் ஒரு வேனைப் பகிர்ந்தால் குரூப் டூர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பணம் கொடுக்க, 2024 பிப்ரவரி முதல் யு.பி.ஐ. அங்கே வேலை செய்கிறது. பெரிய கடைகளில் கைகொடுக்கும். சின்னச் செலவுக்கு அந்த ஊர்ப் பணம் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் மறுநாள் வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். அங்கே அது இடியாப்பத்துக்குத் தினசரி. நம்மதைவிடத் தண்ணியாக, மஞ்சள் தூக்கலாக இருக்கும். "சைவக் கடை" என்று பலகை பார்த்து உள்ளே போனால் கலப்பு இருக்காது. மற்ற கடைகளில் சைவர்கள் தேங்காய்ச் சம்பலை விசாரித்துச் சாப்பிட வேண்டும். மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அது கூடுதல் சந்தோஷம்.

விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பும் தொப்பியும் வாசலோடு. மத்தியானம் கல் தரை சுடும், ஒரு ஜோடி பழைய சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தால் காவலாளி விசில் ஊதுவார்.

நாள் கணக்கு இப்படி வைக்கலாம். கட்டுநாயக்கவில் இறங்கி நேரே அனுராதபுரம், ஒரு ராத்திரி. சிகிரியாப் பக்கம் ஹபரணையில் இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல் பொலன்னறுவைக்கு. கண்டியில் ஒன்று, நுவரெலியாவில் இரண்டு. ஆறு நாள்தான் லீவு என்றால் அனுராதபுரத்தை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு மற்றதை நிதானமாகப் பாருங்கள். நுவரெலியாவில் இருந்து விமான நிலையம் மலைச்சாலையில் ஐந்தாறு மணி நேரம். காலையிலோ மத்தியானத்திலோ விமானம் என்றால் கடைசி ராத்திரியை நீர்கொழும்பில் போட்டுவிடுங்கள், அங்கிருந்து பத்து கிலோமீட்டர்தான்.